பாதி சைக்கிள் வங்கிக்கு

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், லிஃப்டுக்குள் நான் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்ட அன்றுதான் ஆறாம் மாடி மர்தானின் சைக்கிள் விவகாரம் அவன் வாயாலேயே என் காதுக்கு வந்தது. கையில் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு. உள்ளே விளக்கும் அணைந்துவிட்டது. லிஃப்டின் கூரைமேல் மர்தான் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, பயப்படாதீங்க. ஒரு பாகம் கருகிப் போயிருக்கு. பத்தே நிமிஷம்.”

“நான் எதுக்குடா பயப்படணும்? கால்தான் வலிக்குது.”

“உருளைக்கிழங்குப் பை மேல உக்காருங்க.”

“உக்காந்தா சாயந்தரம் மசியல்தான் சாப்பிடணும். சீக்கிரம் பாரு.”

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு பொருளைக் கைக்காசு குடுத்து வாங்கறது நல்லதா, தவணைல வாங்கறது நல்லதா?”

“என்ன பொருள்?”

“சும்மா, பொதுவா.”

“பொதுவா கேக்கறவன் ஒரு பொம்பளைய இருட்டுல தொங்க விட்டுட்டுக் கேக்க மாட்டான். சைக்கிள்தானே?”

மேலே ஸ்பேனர் விழுந்தது.

“ஷோல்பான் சொல்லிட்டாளா?”

“அவ ஒண்ணும் சொல்லல. ஒரு மாசமா உன் மூஞ்சியே சொல்லுது.”

அவன் மனைவி ஷோல்பான் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள் என்பது வேறு விஷயம். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் வாசலுக்கு நான்தான் பொறுப்பாளர். பல்பு மாற்றுவதற்கும் படிக்கட்டு கழுவுவதற்கும் வீடு வீடாகப் பணம் வசூலிப்பவள். என் சமையலறை ஜன்னலும் வாசலுக்கு நேர்மேலே இருக்கிறது. யார் வீட்டுச் சங்கதியையும் நான் தேடிப் போவதில்லை. அவை படியேறி வந்து என்னைத் தாண்டித்தான் போகின்றன.

சங்கதி இதுதான். அல்மாட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் மலைப்பக்கம் ஏறும். வயது வந்த ஆண்கள், பாதிப் பேருக்குத் தொப்பை, உடம்போடு ஒட்டிய வண்ண வண்ண உடை, ஒல்லிச் சக்கர சைக்கிள்கள். மெதேவ் வரை மூச்சு வாங்க ஏறிவிட்டு, அங்கே தேநீர் குடித்துவிட்டு, பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். மர்தான் அந்தக் கூட்டத்தில் ஆறு வருடமாக இருக்கிறான். ஆறு வருடமும் கடைசி ஆள். அவனிடம் இருந்தது யாரோ கொடுத்த பழைய இரும்புச் சைக்கிள். அவன் மெதேவ் போய்ச் சேரும்போது மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்து, கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். “மர்தான் வந்துட்டான், கிளம்பலாம்” என்பது அங்கே ஒரு நிரந்தர நகைச்சுவை. அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டான் என்று ஷோல்பான் சொன்னாள்.

நாற்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக் சம்பளம். விடுமுறை நாள்களில் மற்றக் கட்டடங்களில் வேலை பார்த்து, நான்கு வருடத்தில் ஏழு லட்சத்து இருபதாயிரம் தெங்கே சேர்த்திருந்தான். வங்கியில் இல்லை, வீட்டில், மடித்து அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவில். ஷோல்பான் அதைத் தொட்டதில்லை. அதை நான் அவளுக்குப் பெருமையாகவே சொல்வேன். நானாக இருந்தால் தொட்டிருப்பேன்.

இப்போது ரோமான் லிகாயின் கடையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று சாம்பல் நிற அலுமினியம். ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம். காசைக் கொடுத்தால் கதை முடிந்தது. இன்னொன்று கார்பன், கருஞ்சிவப்பு, பதினான்கு லட்சம். பாதியை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியை வட்டியோடு இருபத்துநான்கு மாதம், மாதம் முப்பத்தாறாயிரம் வீதம் வங்கிக்குக் கட்ட வேண்டும். ரோமான் இரண்டையும் தூக்கிப் பார்க்கச் சொன்னானாம். அங்கேதான் மர்தான் கெட்டான். சாம்பலை இரண்டு கையால் தூக்கினான். சிவப்பை ஒரே கையால் தூக்கினான்.

“ஒரே கையால அக்கா!” என்றான் கூரையிலிருந்து.

“ஒரு கையால தூக்கினியே, அந்த முப்பத்தாறாயிரத்தை எந்தக் கையால தூக்குவே?”

“அதான் கேக்கறேன். சாம்பலும் நல்ல சைக்கிள்தான். ரோமானே சொல்றான். ஆனா நான் வாழ்க்கையில வாங்கப்போறது ஒரே ஒரு சைக்கிள்.”

“அப்போ சிவப்பை வாங்கு.”

“ரெண்டு வருஷக் கடன்.”

“அப்போ சாம்பலை வாங்கு.”

“அதே கூட்டத்துல இன்னும் கொஞ்சம் முன்னாடி கடைசியா வருவேன். அவ்வளவுதான்.”

“அப்போ என்னை வெளியே எடு!”

எடுத்தான். உருளைக்கிழங்கையும் வீடுவரை சுமந்து வந்து கொடுத்தான். நல்லவன்தான். ஒரு முடிவு எடுக்கச் சொன்னால்தான் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவான்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஷோல்பான் ஒரே வார்த்தையில் நின்றாள்: “கைக்காசுக்கு எது வருமோ அது.” அவளுக்கு அனுபவம் உண்டு. எங்கள் ஊரில் கெட்டில்கூடத் தவணையில்தான் வாங்குவோம். போனை எடுத்து இரண்டு தட்டு தட்டினால் கடன் வந்துவிடும். மாதா மாதம் போவதுதான் தட்டாமல் போகும். அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி தவணை முடிவதற்கு நான்கு மாதம் முன்பே செத்துப்போனது. செத்த பெட்டிக்கு நான்கு மாதம் பணம் கட்டிய பெண் அவள்.

மர்தானும் மெல்ல மெல்ல சாம்பல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தான். அந்த வாரமே காசைக் கொடுத்து வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்போதுதான் தால்திகொர்கானிலிருந்து அவன் அக்கா கம்ஷாத் போன் செய்தாள். மகன் பெக்ஸாத்துக்குக் கல்யாணம், ஜூன் மாதம். தாய்மாமனை முறைப்படி அழைக்க, அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மகனோடு வருகிறாள்.

அன்று நான் மின்சாரப் பணம் விஷயமாக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தற்செயலாகத்தான். மர்தான் போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மூணாவது பாக்கி இருக்கு” என்றான்.

ஷோல்பான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “ஐயோ.”

யாரும் எனக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் வீட்டில் அக்கா தங்கை மகன் வாழ்நாளில் மூன்று தடவை என்ன கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். குதிரை கேட்டால் குதிரை, துப்பாக்கி கேட்டால் துப்பாக்கி. இல்லை என்று சொன்ன மாமனுக்குக் கை நடுங்கும் வியாதி வரும் என்று சொல்வார்கள். வியாதி வருகிறதோ இல்லையோ, பேச்சு வரும். அது கைநடுக்கத்தைவிட மோசம். பல வீடுகளில் இதை இப்போது விளையாட்டாக்கிவிட்டார்கள். கம்ஷாத் விளையாடுகிற ஆள் இல்லை.

பெக்ஸாத் ஐந்து வயதில் மாமனின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கினான். பதினெட்டு வயதில், ஊருக்குக் கிளம்பும்போது பஸ் நிலையத்தில், மாமன் போட்டிருந்த தோல் மேல்கோட்டைக் கேட்டான். வெளியே மைனஸ் பதினெட்டு. மர்தான் ஸ்வெட்டரோடு வீடு வந்து ஒரு வாரம் படுத்திருந்தான். இப்போது பையனுக்கு இருபத்தேழு. மூன்றாவதை இன்னும் செலவழிக்கவில்லை.

“கல்யாணச் செலவு இருக்கும். பணத்தைத்தான் கேப்பான்” என்றாள் ஷோல்பான்.

“அதுக்கு முன்னாடி சாம்பல் சைக்கிளை வாங்கிட்டா?”

“அப்போ சைக்கிளைக் கேப்பான். அது உன்னோடதுதானே? காசு குடுத்து வாங்கினது.”

மர்தான் மெத்தை அடுக்கைப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இன்றுவரை யோசிக்கிறேன், சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

“கடன்ல வாங்கின பொருளைக் கேக்க முடியாது இல்ல?” என்றேன். “இரண்டாம் வாசல்காரன் காரைத் தவணைல வாங்கி, மூணு மாசம் கட்டாம விட்டானே. வங்கிக்காரங்க வந்து, என் ஜன்னலுக்கு எதிர்லேயே, இழுத்துட்டுப் போனாங்க. கடன் தீரற வரைக்கும் கார் வங்கியோடதாம்.”

மர்தான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“சிவப்பு!” என்றான். “சிவப்பை வாங்கினா என்கிட்ட காசும் இருக்காது. சைக்கிளும் என்னோடது இல்ல. பாதி வங்கியோடது. வங்கி சைக்கிளை எப்படிக் கேப்பான்?”

“மாசம் முப்பத்தாறாயிரம்” என்றாள் ஷோல்பான்.

“அது சைக்கிளுக்கு வேலி மாதிரி. காவலுக்குக் குடுக்கற கூலின்னு வெச்சுக்கோ.”

“ரெண்டு வருஷம் காவலா?”

“ரெண்டு வருஷத்துல அவனுக்குப் பிள்ளை பொறந்துடும். பிள்ளை பொறந்தவனுக்கு சைக்கிள் ஞாபகமே வராது.”

ஷோல்பான் என்னைப் பார்த்த பார்வையை நான் மின்சாரக் கணக்கைப் பார்ப்பதுபோல் குனிந்து தவிர்த்தேன். அவள் கடைசியாக ஒன்று சொன்னாள்: “கேக்கறதுக்கு முன்னாடியே நீ இவ்வளவு பயப்படறே. அவன் ஒருவேளை ஒண்ணுமே கேக்காம போகலாம்.” மர்தான் காதில் அது விழவில்லை. அவன் மெத்தை அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சிவப்பு வந்தது. லிஃப்டில் ஏற்ற மனசில்லாமல் ஆறு மாடியும் தோளில் சுமந்து ஏறினான். தான் பழுது பார்த்த லிஃப்டை அவனே நம்பவில்லை பாருங்கள். நான் வாசலிலேயே நிறுத்தி, வழக்கப்படி புதுப்பொருளுக்கு ஆயிரம் தெங்கே கையில் வைத்தேன். மூன்றாம் மாடியில் ஐந்நூறு, ஐந்தாம் மாடியில் ஒரு டப்பா சாக்லேட். வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னான்: “என்னோடது இல்ல, பாதி வங்கியோடது.” ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்றுதான். பழைய இரும்புச் சைக்கிளை அதே வாரம் முப்பதாயிரத்துக்கு விற்று, அதை முதல் தவணைக்கு எடுத்து வைத்தான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் அதில் ஏறினான். இரண்டாவது ஞாயிறு நான் ஜன்னலில் நின்றபோது வந்து இறங்கினான். முழங்கால்வரை சேறு. முகத்தில் உப்புக் கோடுகள்.

“என்னடா, கடைசியா?”

“நாலாவது அக்கா.” மூச்சு இன்னும் அடங்கவில்லை. “பதினோரு பேர்ல நாலாவது. நான் போய்ச் சேந்தப்போ கடைக்காரி இன்னும் தண்ணியே கொதிக்க வைக்கல. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஆறு வருஷத்துல அங்க நான் காத்திருந்ததே இல்ல. நின்னு மலையைப் பாத்தேன்.”

“எப்படி இருந்துது மலை?”

“பெருசா இருக்கு அக்கா” என்றான், புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி.

அந்த இரண்டாம் சனிக்கிழமை வந்தது. மதிய விருந்துக்கு மாவுத் தகடு தேய்க்க ஷோல்பான் என்னைக் கூப்பிட்டாள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். குதிரை இறைச்சி காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. மர்தான் மூன்று தடவை சமையலறைக்கு வந்து மூன்று தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டான்: சைக்கிளை எங்கே வைப்பது? பால்கனியில் வைத்தால் கண்ணாடி வழியாகத் தெரியும். எங்கள் வீட்டில் வைக்கலாமா என்றான். நான் சரி என்றேன். ஷோல்பான்தான், “ஒளிச்சு வெச்சது தெரிஞ்சா அதைவிடக் கேவலம். யாராவது சொல்லிடுவாங்க” என்றாள். யாராவது என்றபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. சைக்கிள் பால்கனியிலேயே நின்றது, பக்கத்தில் மர்தானின் பழைய காருடைய நான்கு பனிக்கால டயர்களோடு. காரை அவன் போன வருடமே விற்றுவிட்டான். டயர்களை வாங்க ஆள் கிடைக்கவில்லை.

கம்ஷாத் உயரமான பெண். உள்ளே வரும்போதே வீடு கொஞ்சம் சிறியதாகிவிடும். தம்பியை நெற்றியில் முத்தமிட்டு, “இளைச்சிட்டேடா, இவ சோறு போடறாளா இல்லையா?” என்றாள். ஷோல்பான் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். பெக்ஸாத் பின்னால் வந்தான். குடிக்காதவன், குளிரூட்டி பழுதுபார்ப்பவன், பேச்சுக் குறைவு. மாமனைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தான். எனக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போனது, கோட்டு விஷயம் தெரிந்திருந்தும்.

சாப்பாடு நன்றாகவே போனது. பெண் வீட்டாரைப் பற்றிப் பேசினோம். மண்டப வாடகையைத் திட்டினோம். மர்தான் மட்டும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை பெக்ஸாத் வாயைத் திறக்கும்போதும் இவன் கை தட்டிலேயே நின்றுவிடும். பெக்ஸாத் உப்பு கேட்டான்; மர்தான் குதித்துவிட்டான்.

தேநீர் வந்தபோது கம்ஷாத் மகனை முழங்கையால் இடித்தாள். “சொல்லுடா. மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும்னியே.”

பெக்ஸாத் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “மாமா...”

“கேளு மாப்பிள்ளை, கேளு!” என்று மர்தான் கத்தினான். கத்தல்தான் அது. “என்ன வேணும்னாலும் கேளு. உயிரைக் கேளு, குடுக்கறேன். அந்தச் சைக்கிளை மட்டும் கேக்காதே. அது என்னோடது இல்ல.”

தேநீர்ப் பாத்திரத்தின் மூடி ஆவியில் ஆடுகிற சத்தம் கேட்டது. ஷோல்பான் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட்பவனிடம் ‘இதைத் தவிர’ என்று எங்கள் மக்கள் யாரும் சொல்வதில்லை. ஒரு பொருளை விருந்தாளி முன்னால் பெயர் சொல்லிவிட்டால் அதைப் பாதி நீட்டிவிட்டதாக அர்த்தம். பெயரைச் சொல்லிக் கையை மடக்கிக்கொள்வது முகத்தில் கதவைச் சாத்துவது. மர்தானுக்கு இது தெரியாதா? தெரியும். இரண்டு வாரம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்த வசனம், நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது, வழுக்கி விழுந்துவிட்டது.

கம்ஷாத் மெதுவாகக் கேட்டாள். “எந்தச் சைக்கிள்?”

“பால்கனில இருக்கே அக்கா, அது. வங்கியோடது.”

“வங்கி உன் பால்கனியை வாடகைக்கு எடுத்திருக்கா?”

“தவணைல வாங்கினேன். கடன் தீரற வரைக்கும் அது அவங்க சொத்து. வேணும்னா மக்பால் அக்காவைக் கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் பொரித்த மாவுருண்டை ஒன்றை அவ்வளவு நேரம் நான் மென்றதில்லை.

“என் பையன் இன்னும் வாயே திறக்கல” என்றாள் கம்ஷாத். “அதுக்குள்ள நீ பூட்டு போடறே. நம்ம அப்பா வீட்டுல அவனுக்கு உள்ள பங்கை வங்கி பேரைச் சொல்லி மறைக்கறே. சொந்த மருமகன்கிட்ட!”

“மறைக்கல அக்கா! சத்தியமா மறைக்கல. இரு, இப்பவே அவங்களையே கேக்கறேன்.”

ஷோல்பான் “வேண்டாம்” என்றாள். நானும் “வேண்டாம்டா” என்றேன். அவன் போனை எடுத்துவிட்டான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை வேறு அழுத்தி, மேசைமேல், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பாட்டு ஒலித்தது. இரண்டு நிமிடம் அந்தப் பாட்டை நாங்கள் இறைச்சியைப் பார்த்தபடி கேட்டோம். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், தேன் மாதிரி.

“வணக்கம், சொல்லுங்க சார்.”

“தங்கச்சி, நான் தவணைல ஒரு சைக்கிள் வாங்கியிருக்கேன். பாதிதான் கட்டியிருக்கேன். அந்தச் சைக்கிள் இப்போ உங்களோடதுதானே?”

“ஒரு நிமிஷம் சார், பாக்கறேன்.” தட்டுகிற சத்தம். “இல்ல சார், கவலையே படாதீங்க! வாங்கின நாள்லேருந்து சைக்கிள் முழுக்க உங்களோடதுதான்.”

“பாதி?”

“முழுசும் சார். கார், வீடுன்னாதான் அடமானம் இருக்கும். இதுக்குக் கிடையாது. நாங்க தவணை மட்டும்தான் எதிர்பாப்போம், மாசம் பன்னெண்டாம் தேதி.”

மர்தான் போனுக்கு மேல் குனிந்தான். கெஞ்சுகிற குரலில் கேட்டான். “ஆனா... நான் அதை வேற யாருக்காவது குடுக்க முடியாது இல்ல?”

“தாராளமா குடுக்கலாம் சார்! விக்கலாம், பரிசாவும் குடுக்கலாம். எங்ககிட்ட அனுமதியே கேக்க வேண்டாம். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, நான் இருமினேன்.

கம்ஷாத் கைகளைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். பெக்ஸாத் காதுவரை சிவந்திருந்தான். “அம்மா, வேண்டாம். நான் வந்தது...”

“கேளு.”

“அம்மா.”

“கேக்கலைன்னா உன் மாமா உன்னைப் பாத்துப் பயந்தான், நீ அவனைப் பாத்துப் பரிதாபப்பட்டேன்னு ரெண்டு பக்கமும் கல்யாணத்துல பேசுவாங்க. அது அவனுக்கு மரியாதையா? கேளு.”

அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. பெக்ஸாத் கிண்ணத்துக்குள் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். “மாமா, மூணாவதா அந்தச் சைக்கிளைக் கேக்கறேன்.”

மர்தான் எழுந்தான். ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறான் என்று நினைத்தேன். பால்கனிக் கதவைத் திறந்து, சைக்கிளை ஒரே கையால் தூக்கிக்கொண்டு வந்து, கம்பளத்தின் ஓரத்தில் நிறுத்தினான்.

“உன்னோடது மாப்பிள்ளை. நல்லா இரு.”

குரல் சரியாகத்தான் இருந்தது. கம்ஷாத் எழுந்து அவன் நெற்றியில் மறுபடி முத்தமிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. தன் தம்பி நல்ல தாய்மாமன் என்று அவளுக்கு உண்மையாகவே பெருமை. அவளோடு சண்டை போடக்கூட வழியில்லாமல் போனது.

கீழே பெக்ஸாத்தின் கார் கூரையில் சைக்கிளைக் கட்டும்போது மர்தான் பழைய துண்டுகளைக் கொண்டுவந்து கயிறு உராயும் இடங்களில் எல்லாம் சுற்றினான். கம்ஷாத் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவன் இன்னும் ஒரு துண்டு எடுத்துவரப் போன நேரத்தில், பெக்ஸாத் என் ஜன்னலுக்குக் கீழே தலையைத் தொங்கப்போட்டபடி நின்றான்.

“நீ என்னடா கேக்க வந்தே?” என்று கேட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

“டயர், அக்கா. அந்த நாலு பனிக்கால டயர். மாமாகிட்ட இப்போ கார் இல்ல, சும்மாதானே கிடக்குன்னு...” கயிற்றை இழுத்துக் கட்டினான். “எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது.”

“இப்பவாவது சொல்லேன்டா.”

“எப்படி அக்கா? குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா அவர் முகத்துல எறிஞ்ச மாதிரி ஆகிடும். நீங்களே சொல்லுங்க.”

அவன் சொன்னதும் சரிதான். அன்றைக்கு எல்லோர் பேச்சும் சரியாகவே இருந்தது.

டயர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷோல்பானிடம் மட்டும் சொன்னேன். அவள் மர்தானிடம் சொல்லவில்லை என்கிறாள். ஆனால் அடுத்த வாரமே அந்த நான்கு டயர்களையும் யாரோ குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் காணாமல் போயின.

மெதேவ் கூட்டம் ஞாயிறு காலையில் வாசலில் நின்று இரண்டு தடவை மணியடித்துப் பார்த்தது. முதல் தடவை மர்தான் முதுகுவலி என்றான். இரண்டாவது தடவை ஷோல்பான் இறங்கி வந்து, அவனுக்கு வேலை இருக்கிறது என்றாள். மூன்றாவது ஞாயிறு அவர்கள் நிற்காமல் போனார்கள். ரோமான் கடையிலிருந்து போன் வந்தது, முதல் சர்வீஸ் இலவசம், எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று. மர்தான், “இப்போ ஊர்ல இல்ல” என்றான். யார் ஊரில் இல்லை என்று சொல்லவில்லை.

ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் நின்றான்.

“அக்கா, சாம்பலைக் கைக்காசு குடுத்து வாங்கியிருந்தா?”

“அதையும் கேட்டிருப்பாங்க.”

“ஒண்ணுமே வாங்காம இருந்திருந்தா?”

“ஏழு லட்சம் போயிருக்கும்.”

அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் ஆனது மாதிரி தெரிந்தது. நான் சொன்னது பொய் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பது தெரியவில்லை. கையில் போன் இருந்தது. அன்று பன்னிரண்டாம் தேதி. இன்னும் இருபத்திரண்டு பன்னிரண்டாம் தேதிகள் இருந்தன.

கல்யாணம் நன்றாக நடந்தது என்று ஷோல்பான் சொன்னாள். மர்தானுக்கு மேடையில் பட்டு அங்கி போர்த்தினார்களாம். தாய்மாமன் கொடுத்த பரிசு என்று சைக்கிளைப் பற்றி மைக்கில் சொன்னார்களாம். கைதட்டல் நிற்கவே இல்லையாம்.

ஜூலையில் என் மாடி லிஃப்ட் பொத்தானை மர்தான் மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. பெக்ஸாத்தின் புது வீடு. புதுப் பெண் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே போனாள்: திரைச்சீலை, சோபா, சோபாவுக்கு மேலே சுவரில் இரண்டு கொக்கிகளில், கைப்பிடியில் கல்யாண ரிப்பனோடு, சிவப்புச் சைக்கிள். மர்தான் வீடியோவை அங்கேயே நிறுத்தினான். விரல்களால் பெரிதாக்கினான். எனக்கும் காட்டினான்.

“செயினைப் பாருங்க அக்கா. காஞ்சு கிடக்கு.”

எனக்கு எல்லாச் செயினும் ஒன்றுதான். ஆமாம் என்றேன்.

அவன் உடனே போன் செய்தான். “மாப்பிள்ளை, நல்லா இருக்கியா? பொண்ணு நல்லா இருக்காளா? வீடு அழகா இருக்கு. அந்தச் செயினுக்கு எண்ணெய் போடணும்பா. ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு துளி, துணியால துடைச்சிட்டு. டயர்ல காத்தும் இறங்கியிருக்கும், அப்படியே ஓட்டிடாதே, விளிம்பு போயிடும்...”

அந்தப் பக்கம் பெக்ஸாத் ஏதோ சொன்னான். எனக்குப் பாதிதான் கேட்டது. கவலைப்படாதீங்க மாமா, அதை யாரும் எடுக்கப்போறதே இல்ல, பத்திரமா அங்கேயே இருக்கும் என்கிற மாதிரி. ஆறுதலாகத்தான் சொன்னான்.

மர்தான் திருப்புளியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

“அப்போ சரி” என்றான். “ஜன்னல் வெயில் அது மேல படாம பாத்துக்கோ. சிவப்பு வெளிறிடும்.”